எட்டாவது விளக்கு

திராய்மடு,
மட்டக்களப்பு.
21.02.2010

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் துணையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலை முடிக்கும்போது உங்கள் மூன்று பேரின் பெயரையும் சொல்லித்தான் முடிக்கிறேன். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை, மருமகனின் சித்தி வருகிற கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போன முறை போனில் நீ அழுதது இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. தம்பியைப் பற்றிக் கேட்டால் அம்மா மழையைப் பற்றிக் கதைக்கிறீங்க, எதையோ மறைக்கிறீங்க என்று சொன்னாய். நீ சொன்னது சரி, ஆனால் போனில் நாம் கதைப்பதை வேறு யார் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது, அதனால்தான் மழையைப் பற்றிக் கதைத்தேன். இப்போது நடந்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன். மருமகன் வேலையால் வந்த பிறகு வாசி, தனியே இருந்து வாசிக்காதே.

மழை என்று சொன்னதும் பொய் இல்லை. இந்த மாரி நல்லாய்ப் பெய்து களப்பு நிறைந்து, முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள், இருந்த இறால் எல்லாம் கடலோடு போய்விட்டது என்று அப்பா ஒவ்வொரு காலையும் புறுபுறுக்கிறார். அவருக்கு முழங்கால் நோவு கூடியிருக்கிறது, தோணியில் நெடுநேரம் குந்தி இருக்க முடிவதில்லை, நீ அனுப்பிய தைலத்தை இரண்டு நாள் பூசிவிட்டு மணம் பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டார். குசினிப் பக்கம் கூரை ஒழுகுகிறது. சுனாமி வீடு என்று கட்டித் தந்து இத்தனை வருசத்துக்குள் சுவரும் வெடித்துவிட்டது. இருந்தாலும் கடலுக்குத் தூரமாக இருக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி, அப்பாவுக்குத்தான் பழைய வீடு இருந்த நாவலடிக் காற்று இல்லாமல் நித்திரை வருவதில்லை.

தம்பி அலனின் கதைக்கு வருகிறேன். நீ கலியாணம் முடித்துப் போன அடுத்த வருசம், அவனும் பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை மாமியின் மகன் நிலோஜனும் சூடடிக்கிற காலத்தில் களப்புக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போனதும், மாமியின் அண்ணருடைய வயல் வட்டையில் நெல் அடித்துக்கொண்டு நின்ற இடத்தில் இரண்டு பேரையும் இயக்கம் ஏற்றிக்கொண்டு போனதும் உனக்குத் தெரியும். அலனுக்கு அப்போது பதினாறு வயது. பிறகு உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே நாங்கள் இருந்து, போன வருசம் சண்டை முடிந்த கையோடு சரணடைந்தவர்களுக்குள் அலன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஓடினோம். நிலோஜனின் பெயர் எந்த முகாமிலும் இல்லை. ஆச்சிப்பிள்ளை மாமி அவனுடைய படத்தை வைத்துக்கொண்டு போகாத இடமில்லை. சுனாமியில் புருசனைக் கொடுத்தவர், அந்த ஒரு பிள்ளைதான் மிச்சம். நாங்கள் அலனைப் பார்க்கப் பொலன்னறுவைப் பக்கத்து முகாமுக்குப் போகும் நாளெல்லாம் வாசல் படலையடியில் நிற்பார், திரும்பி வரும்போதும் நிற்பார், அலன் ஏதும் சொன்னானா என்று கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கூசியது.

உண்மையில் அலன் எங்களோடும் ஒன்றும் கதைக்கவில்லை மகள். சாப்பிட்டியா என்றால் தலையாட்டுவான், கை நோகிறதா என்றால் அதற்கும் தலையாட்டுவான். தோளுக்குள் செல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது, இடது கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. அதனால் தச்சு வேலைக்கும் மேசன் வேலைக்கும் விடாமல் தையல் வகுப்பில் விட்டிருந்தார்கள். அங்கே படிப்பிக்க வருகிறவர் ஓட்டமாவடியைச் சேர்ந்த றபீக்கா ரீச்சர், என்னைவிடப் பத்து வயது இளமையாக இருப்பார். மற்றப் பொடியன்மார் களிசான் தைக்கப் பழக, இவன் ஊசியும் நூலுமாக ஒரு மூலையில் இருந்து இழை எண்ணித் துணியில் பூப்போடப் பழகினானாம். கட்டம் கட்டமாக நெசவு தெரிகிற துணி, ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கும் மறுக்குமாக ஒரு தையல், அப்படியே நூற்றுக்கணக்கில் போட்டால் படம் வரும். பூவும் கிளியும் உள்ள மாதிரிப் படத்தை ரீச்சர் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன்பாட்டில் ஒன்றைத் தொடங்கினான். நூல் போதாமல் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்திலிருந்து உருவி எடுத்திருக்கிறான். வகுப்பு முடிந்தால் ஊசியை எண்ணித் திருப்பி வாங்கிவிடுவார்கள், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தைக்கலாம், தண்ணீரைத் தைக்கவே அவனுக்கு எத்தனையோ நாள் போய்விட்டது.

ஐப்பசி மாதம் நாங்கள் போனபோது துணியை மடித்துக்கொண்டு வந்து மேசையில் விரித்தான். அம்மா, இது என்னெண்டு சொல்லுங்க பாப்பம் என்றான். மூன்று வருசத்துக்குப் பிறகு அவன் வாயால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அன்றுதான். அகலமாகத் தண்ணீர், அதற்குள் சின்னச் சின்னத் திட்டுகள், திட்டுக்குத் திட்டு மரப்பாலம், இரண்டு கரையிலும் உயரமான கோபுரம், ஒரு தோணி, அங்கங்கே மஞ்சள் மஞ்சளாக விளக்கு, நடுவில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளக்குக்காரன் என்றேன். அவன் சிரித்தான் மகள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சீறினார்.

உனக்கும் ஞாபகம் இருக்கும். அப்பா சந்தையில் வாங்கி வந்த ரீவி கேம், அந்தக் கசற்றுக்குள் எத்தனையோ விளையாட்டு இருந்தும் நீயும் அலனும் நிலோஜனும் முறை வைத்து விளையாடியது அந்த ஒன்றைத்தான். அதற்கு என்ன பெயர் என்று வாசிக்கத் தெரியாமல் விளக்குக்காரன் என்று நீங்களே பெயர் வைத்தீர்கள். கரண்ட் இல்லாத நாளில் கார் பற்றறியில் கொழுவி விளையாடுவீர்கள், பற்றறி இறங்கினால் அப்பா ஏசுவார். எங்களுடையது கறுப்பு வெள்ளை ரீவி, அந்த மனிதனின் தொப்பி என்ன நிறம் என்று நீயும் அலனும் பிடித்த சண்டை எனக்கு மறக்கவில்லை. அவன் பச்சை என்றான், நீ சிவப்பு என்றாய். துணியில் சிவப்பாகத்தான் தைத்திருந்தான். ஏன் மனெ சிவப்பு என்று கேட்டதற்கு, அக்கா சொன்ன நிறம் என்று மட்டும் சொன்னான். இதை உனக்கு அப்போதே எழுதியிருக்கவேண்டும், வேலை முடிந்து வரட்டும் முழுத் துணியையும் படம் பிடித்து அனுப்புவோம் என்று இருந்துவிட்டோம்.

மார்கழி தொடங்கி, நத்தார்ப் பண்டிகைக்கு முதல் விடப்போகிறவர்களுக்குள் அலனும் இருக்கிறான் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அவனுக்குப் புதுச் சேட்டு வாங்கி வைத்தார். அந்த நேரத்தில் ஒரு பின்னேரம் றபீக்கா ரீச்சர் எங்கள் வீடு தேடி வந்தார். முகாமில் படிப்பிக்கிறவர் கைதியின் வீட்டுக்குப் போனது தெரிந்தால் அவருடைய வேலைக்கு மட்டும் அல்ல, அதைவிட மோசமாகவும் ஏதும் நடக்கலாம். கதிரையில் இருக்கவும் இல்லை, நின்றபடியே சொன்னார். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்த இடத்தில் துணியைக் கண்டிருக்கிறார். களப்பு, பாலம், காவல் கோபுரம், தோணி, புள்ளி போட்ட இடங்கள். இது எந்த இடம், புள்ளி போட்ட இடத்தில் என்ன புதைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். இது கேம் என்று அலன் சொல்ல, கூட நின்றவர்கள் சிரித்தார்களாம். துணியை எடுத்துக்கொண்டு அவனை வேறு கட்டடத்துக்கு மாற்றி, ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு அதையே கேட்கிறார்கள், விடுதலையும் இல்லை என்று ஆகிவிட்டது. அடிச்சாங்களா என்று அப்பா கேட்டார். ரீச்சர் அதற்குப் பதில் சொல்லாமல், அந்த கேம் உங்கட கையில இரிக்கா, இரிந்தா கொண்டு வாங்க, காட்டினாத்தான் நம்புவாங்க என்றார்.

எங்கே இருக்கிறது. உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானும் அப்பாவும் பூசைக்குப் போன அந்தச் சுனாமி ஞாயிறு, வயிற்றுக்குத்து என்று சொல்லி அலன் வீட்டில் நின்றதே அந்தக் கேமுக்காகத்தான். கடல் வருகிற சத்தம் கேட்டு நீதான் அவனைக் கேமிலிருந்து பிய்த்து இழுத்துக்கொண்டு களப்புப் பக்கம் ஓடினாய். ரீவியும் போய், வீடும் போய், நாவலடியில் எங்கள் வளவு எது என்று கண்டுபிடிக்கவே அப்பாவுக்கு இரண்டு நாள் பிடித்தது. ரீச்சருக்கு அதைச் சொன்னேன். தேடிப் பாருங்க, நானும் எங்கட பக்கம் தேடுறன் என்றார். படலை வரைக்கும் கூடப் போனேன். எனக்குப் பொறுக்கவில்லை, ஏன் ரீச்சர் எங்கட பிள்ளைக்காக இவ்வளவு பயத்தோட வந்த நீங்க என்று கேட்டேன். தொண்ணூறாம் ஆண்டு என்ட கூடப்பிறந்த நானாவ வெட்டினது இயக்கம்தான், அது எனக்கு மறக்காது, ஆனா இந்தப் புள்ள அப்ப தொட்டில்ல கிடந்திருப்பான், அவன்ட தையலை எனக்குத் தெரியும், அவன் பொய் சொல்லல்ல என்றார். சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அப்பா வலையைத் தொடவில்லை. ரவுனில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார், காத்தான்குடியில் கேட்டார், குருக்கள்மடத்தில் கேட்டார். அந்தக் கசற் எல்லாம் இப்போது ஆர் வச்சிரிக்கிற, எல்லாம் கொம்பியூட்டர் கேம்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். நத்தார் வந்து போனது, நாங்கள் பூசைக்கு மட்டும் போய் வந்தோம். கடைசியில் தேற்றாத்தீவில் ரேடியோ திருத்துகிற ஒருவரின் கடையில், பழைய இரும்போடு ஒரு ரீவி கேமும் மூன்று கசற்றும் கிடந்தன. அப்பா அந்த மனிதரோடு இருந்து பழுது பார்த்து, ஒவ்வொரு கசற்றாகப் போட்டு, மூன்றாவதில் அந்தச் சங்கீதம் வந்ததாம். எனக்குப் போன் எடுத்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார். நான் குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு முடியும் வரை கேட்டேன்.

தை மாதம் நடுவில்தான் அந்த அதிகாரியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. றபீக்கா ரீச்சர் சிங்களம் கதைத்துச் சொல்லுவதற்கு உள்ளே நின்றார். அதிகாரி கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன், வயது முப்பது இருக்கும், நித்திரை இல்லாத கண். துணி அவருடைய மேசையில் ஒரு பைலுக்குள் மடித்துக் கிடந்தது. அங்கே இருந்த நிற ரீவியில் அப்பா வயரைக் கொழுவினார். ஆனால் மகள், துணியில் உள்ள அந்த இடம் விளையாட்டின் கடைசியில் அல்லவா வருகிறது. அது வரைக்கும் போக எங்களுக்குத் தெரியாது. அப்பா கேமின் பிடியைப் பிடித்துப் பொத்தானை அமத்தினார், விளக்குக்காரன் முதல் குழியிலேயே விழுந்தான். மறுபடியும் விழுந்தான். அதிகாரி வாங்கி அமத்திப் பார்த்தார், அவரும் விழுந்தார். வெளியே நின்ற ஆமிப் பொடியன் ஒருவன் எட்டிப் பார்த்துச் சிரிக்க, அவனையும் கூப்பிட்டுக் கொடுத்தார், அவன் கொஞ்சத் தூரம் போய் நண்டு கடித்துச் செத்தான். பிறகுதான் அலனைக் கூட்டிவரச் சொன்னார்.

அவனைப் பார்த்து நான் சத்தம் போடாமல் இருந்தது மாதா தந்த பலம். முகம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்தான், ரீவியைப் பார்த்தான், அதிலேயே நின்றுவிட்டான். பிடியை வாங்கி, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, தொடங்கினான். நண்டைத் தாண்டினான், உடையும் பாலத்தைத் தாண்டினான், வாசலில் நின்ற பொடியன்மார் உள்ளே வந்து சுவரோடு நின்று பார்த்தார்கள். கடைசியில் அந்தத் தண்ணீர் வந்தது. திட்டுகளும் பாலங்களும் இரண்டு கோபுரமும் தோணியும் விளக்கும், அப்படியே துணியில் இருந்தபடி. அதிகாரி துணியை எடுத்து ரீவிக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரு கட்டம் பிசகாமல் என் பிள்ளை மனதில் வைத்துத் தைத்திருக்கிறான். தொப்பி மட்டும் ரீவியில் நீல நிறம். ஏன் இது சிவப்பு என்று அதிகாரி கேட்டார், எங்கட ரீவியில நிறம் இல்ல என்று அலன் சொன்னதை ரீச்சர் சொல்லிக்கொடுத்தார், அவர் தலையாட்டினார். இவ்வளவுதான், முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அவர் விளக்குகளை எண்ணத் தொடங்கினார். ரீவியில் ஏழு. துணியில் எட்டு. எட்டாவது, பாலம் முடிகிற கரையில், இரண்டு பனைக்கு நடுவே, கறுப்பு நூலால் தைத்திருந்தது. நான் முதல் பார்த்தபோது அது இருக்கவில்லை, பிறகு சேர்த்திருக்கிறான். ரீவியில் அந்த இடத்தில் பனையும் இல்லை ஒன்றும் இல்லை. இது என்ன என்று அதிகாரி கேட்டார். அலன் பிடியைக் கீழே வைத்தான். அவர் திரும்பக் கேட்டார், குரல் மாறியது. அலன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான். அது நிலோஜன் அம்மா. நந்திக்கடல் கரையில, சரணடைய முதல் நாள். செல் விழுந்த. நான்தான் கையால தோண்டித் தாட்ட. ரெண்டு பனை நிண்ட, அதுதான் அடையாளம், மறந்திருவன் எண்டு பயந்து தைச்ச. றபீக்கா ரீச்சர் அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார்.

அதிகாரி, செத்த பொடியனின் வயதை மட்டும் கேட்டார், பத்தொன்பது என்று அலன் சொன்னான். ரீவியில் விளக்குக்காரன் அப்படியே நின்றுகொண்டு இருந்தான், விளையாட்டு முடிகிற கதவுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான், ஆமிப் பொடியன் ஒருவன் போ போ என்று கையைக் காட்டினான், அலன் பிடியைத் தொடவில்லை. அதிகாரி ரீவியை நிற்பாட்டச் சொன்னார். அலனைப் பழைய கட்டடத்துக்கு அனுப்பும்படி எழுதினார். விடுதலை பற்றிப் பிறகு பார்க்கலாம், துணி இங்கேதான் இருக்கவேண்டும் என்றார். கொண்டுபோகும்போது அலன் என் காதருகில் வந்து, ஆச்சிப்பிள்ளை மாமிக்கு நீங்க சொல்லாதங்க, நான் வந்து சொல்லுறன், அவ என்னைத்தான் கேக்கணும் என்றான். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது படலையடியில் மாமி நின்றார். அலன் ஏதும் சொன்னானா என்றார். நான் தலைவலி என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அந்த நாட்களில்தான் மாமியிடம் ஒருவன் வந்து போகத் தொடங்கினான். நிலோஜன் ஒரு மறைவான முகாமில் இருக்கிறான், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன், ஆனால் செலவு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். மாமி அண்ணரிடம் தன் பங்கு வயலை விற்றுத் தரச் சொல்லி அனுப்பிவிட்டார், அந்தச் சந்தோசத்தை எனக்கு வந்து சொன்னார். மாமியிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா சொன்னார், அலன்ட வாயால வரவேண்டிய சொல், நாம எடுக்கப்படாது என்று. அவன் எப்ப வருவான் எண்டு ஆருக்குத் தெரியும், அதுக்குள்ள வயலும் போயிரும், வாறவன் மறுகா மறுகா வந்து உறிஞ்சுவான் என்று நான் சொன்னேன். அன்று முழுதும் நாங்கள் இருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலை போய்ச் சொன்னேன். மாமி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், துணியை, பனையை. கையால் நெல்லைப் பரப்புவதை அவர் நிறுத்தவில்லை. பிறகு எழுந்து, உன்ட பிள்ளை உயிரோட இரிக்கான், நீ எதையும் சொல்லுவாய், என்ட பிள்ளை சாகல்ல என்றார். நான் கூப்பிட்டுத்தானே உன்ட பிள்ளை வட்டைக்கு வந்த, அதுக்கா இப்பிடிச் சொல்லுறாய் என்று கேட்டார். நான் ஒருநாளும் அப்படி நினைக்கவில்லை மகள், மாதா சாட்சி. படலையைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயடியில் நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஆள் மறுபடி வந்த அன்று மாமி அவனை இருக்க வைத்துத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நீ கண்டது என்ட பிள்ளைதானா, அவனுக்கு எந்தக் காது கேக்காது, சொல்லு பாப்பம் என்று கேட்டிருக்கிறார். அவன் இடது காது என்றானாம். நிலோஜனுக்கு இரண்டு காதும் நல்லாய்க் கேட்கும், உனக்கும் தெரியும். மாமி தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவனைப் போகச் சொன்னார். பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, அடுத்த முறை போகக்குள்ள நானும் வாறன் என்றார்.

போன புதன்கிழமை மூன்று பேரும் போனோம். மாமியை அலனின் பெரியம்மா என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போனோம். பஸ்ஸில் மாமி மடியில் சோற்றுப் பார்சலை வைத்துக்கொண்டு வந்தார். அலன் மாமியைக் கண்டதும் எழுந்து திரும்பிப் போகப் பார்த்தான். இரி மனெ என்றார் மாமி. அவன் இருந்தான், தலை நிமிரவில்லை. பசியோட இரிந்தானா என்று கேட்டார். முதல் நாள் கஞ்சி குடிச்ச, அவன் என்ட பங்கிலயும் கொஞ்சம் குடிச்ச என்றான். கண் திறந்து கிடந்ததா என்றார். நான் மூடின என்றான். தலை எந்தப் பக்கம் வச்சாய் என்றார். எங்கட ஊர்ப் பக்கம் எண்டு நினைச்சு வச்ச, சரியா எண்டு தெரியாது மாமி என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினான். இத்தனை வருசத்துக்குப் பிறகு அவன் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். மாமி அழவில்லை. பார்சலை அவிழ்த்தார், சுங்கான் மீன் குழம்பும் முருங்கைக்காயும். அவனுடைய வலது கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், விரல் விரலாகக் கழுவினார். இந்தக் கைதானே என்ட பிள்ளைக்கு மண் போட்ட, இந்தக் கைக்கு நான் சோறு போடாம ஆரு போடுற, தின் மனெ என்றார். அவன் அழுது அழுது தின்றான். காவலுக்கு நின்றவன் நேரம் முடிந்தது என்று சொல்ல வந்து, சொல்லாமல் அந்தப் பக்கம் போய் நின்றான்.

இதுதான் நடந்தது மகள். விடுதலை சித்திரைக்கு முதல் இருக்கலாம் என்கிறார்கள், நான் நம்பவும் இல்லை நம்பாமல் இருக்கவும் இல்லை. துணி இன்னும் அவர்களிடம்தான். மாமி அந்த இடத்துக்குப் போகவேண்டும் என்று நிற்கிறார், அங்கே ஒருவரையும் விடுகிறார்கள் இல்லை, விட்டாலும் அந்தப் பனைகள் நிற்குமோ தெரியாது. அலன் இப்போது தைப்பதில்லை, ஊசியைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு இருக்கிறானாம், றபீக்கா ரீச்சர் வற்புறுத்தவில்லை. தானே வந்து சொல்வேன் என்று அவன் நின்றது சரியா, நான் மாமியிடம் முந்திச் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அவனிடம் அதைச் சொன்னபோது, சரி அம்மா என்றான், அந்தச் சரி எனக்குப் போதவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது என்று மருமகனின் சித்தி திரும்பி வரும்போது எழுதி அனுப்பு, போனில் வேண்டாம்.

அவனுக்கும் ஒரு கடிதம் எழுது. அவர்கள் பிரித்து வாசித்துத்தான் கொடுப்பார்கள், ஆகவே பனி பெய்கிறதையும் சின்னவள் நடக்கத் தொடங்கியதையும் எழுது, போதும். நிலோஜனைப் பற்றி எழுதாதே, ஆனால் மாமிக்குத் தனியே எழுது, அவனுடைய பெயரைச் சொல்லி எழுது, அவனைப் பற்றி உனக்கு ஞாபகம் உள்ளதை எல்லாம் எழுது. அவர் இப்போது வருகிற ஆட்களிடம் எல்லாம் அதைத்தான் கேட்கிறார். சின்னவளைக் குளிரில் வெளியே விடாதே, காதை மூடிக் கட்டு. மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்லு. ஆண்டவர் உங்களைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், மாதா உங்கள் வாசலில் நிற்கட்டும்.

மறந்துவிடாதே, அந்தக் கேமை அங்கே எங்காவது கடையில் கண்டாலும் வாங்கி அனுப்பாதே. அவனாகக் கேட்கட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
வி. செசீலியா
(அப்பா பக்கத்தில் இருக்கிறார், முழங்கால் சுகம் என்று எழுதச் சொல்கிறார், அது பொய்.)